கேட்டவர் பெயர்

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றுக் காலி செய்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் உதவிப் பொறியாளர் அவள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி நடக்கிறதாம். வார்டுக்கு ஒதுக்கும் நிதியில் எந்த வேலையைச் செய்வது என்று மக்களே கூடி முடிவெடுக்கும் முறை ஊருக்கு ஊர் வந்திருக்கிறதே, அது எங்கே தேறுகிறது, எங்கே படுத்துவிடுகிறது என்று அனுபவப்பட்டவர் ஒருவர் எழுதித் தர வேண்டுமாம்.

"நீங்கதான் சார் கரெக்டான ஆளு. குடம் வெச்சு ஓட்டு போடுற முறையை நீங்கதானே கொண்டுவந்தீங்க? எல்லாரும் உங்க பேரைத்தான் சொல்றாங்க" என்றாள்.

குடம் வைக்கும் முறையை நான் கொண்டுவரவில்லை. பக்கத்து வார்டில் பிலோமினா என்ற பில் கலெக்டர் கொண்டுவந்தது அது. நான் காப்பியடித்தேன், அதையும் ஒழுங்காக அடிக்கவில்லை. இதை அப்போதே நிவேதாவிடம் சொல்லியிருக்கலாம். "சரிம்மா, எழுதித் தரேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். அவர் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் அந்த அம்மாள் மேல் எனக்கு இருக்கும் பொறாமை ஆறவில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆகவே பயிற்சிக்குப் பயன்படுகிறதோ இல்லையோ, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ படித்தவன். சிவில். முதல் சில வருடங்கள் டோல்கேட் பக்கம் சாலை வெட்டுக்களை அளந்தேன், பிறகு மழைநீர்க் கால்வாய், பிறகு பதவி உயர்வு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மதிப்பீடு போடுவதில் மண்டலத்திலேயே நான்தான் சுத்தம் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் உண்டு.

எங்கள் செயற்பொறியாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் கோப்பை உட்கார்ந்து படித்து யாரும் பார்த்ததில்லை. ஜன்னலோரம் இருக்கும் இரும்பு பீரோவின் மேல் கோப்பை விரித்து, நின்றபடி, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு படிப்பார். "உக்காந்தா கையெழுத்துப் போடத் தோணும் வே, நின்னாத்தான் கேள்வி வரும்" என்பார். அவரே காசு போட்டு ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தார். 'கேட்டவர் பெயர்' என்று அதில் இருக்கும், பக்கத்தில் ஒரு கோடு. எந்த மதிப்பீடு வந்தாலும் முதல் தாளில் அந்த முத்திரையை அவர் கையாலேயே குத்தித் திருப்பி அனுப்புவார். நாங்கள் அதை நிரப்பி மறுபடி வைக்க வேண்டும்.

நான் எல்லாக் கோப்பிலும் ஒரே சொல்லைத்தான் எழுதுவேன்: பொதுமக்கள்.

அவர் அதைப் பச்சை மையால் சுழிப்பார். "பொதுமக்கள்னா ஆரு வே? மீசை உண்டா, சேலை கட்டியிருப்பாவளா? எந்தத் தெருவுல இருக்காவ?" என்று கேட்பார். வேலை தேவையான வேலையாக இருக்கும், மதிப்பீடும் சரியாக இருக்கும். அதனால் சுழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். நானும் அடுத்த கோப்பில் மறுபடி பொதுமக்கள் என்று எழுதுவேன். மனிதருக்கு ஒரு கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான், வார்டு நிதியில் ஒரு பங்கை மக்கள் கூட்டம் போட்டுச் சொல்லும் வேலைக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒவ்வொரு வார்டுக்கும் கூட்டம் நடத்த ஒரு அலுவலர். என் வார்டுக்கு நான். பக்கத்து வார்டுக்குப் பொறியாளர் பணியிடம் காலி. கணக்குப் போடும் வேலையெல்லாம் கூடுதல் பொறுப்பாக என் தலையில் விழுந்தது. கூட்டம் நடத்த மட்டும் பிலோமினாவைப் போட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு வீடாகப் போய் வரி ரசீது கிழிக்கிறவருக்கு ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா? குள்ளமான அம்மாள். தோளில் எப்போதும் ஒரு ரெக்சின் பை. கணவர் பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் வீடும் பெரம்பூரில்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அதற்கு மேல் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு என்ன அவசியம்?

என் கூட்டத்தை ஒரு சனிக்கிழமை மாலை கல்யாண மண்டபத்தில் நடத்தினேன். திரையில் வரைபடம், வண்ணப் படம், ஆளுக்கொரு படிவம், டீ, சமோசா. மூன்று வேலைகளை வைத்து விளக்கினேன். நாற்பது பேர் வந்தார்கள். காலி மனை ஒன்றில் நடைபாதையும் உடற்பயிற்சிக் கருவிகளும் வேண்டும் என்று பெரும்பான்மையாகத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டோ எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அதே நேரத்தில் ரேஷன் கடைப் பக்கம் பந்தல் போட்டுக் காத்திருந்த பிலோமினாவின் கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தார்களாம். அதிலும் இரண்டு பேர் வரி பாக்கி பற்றிக் கேட்க வந்தவர்கள். இதைக் கேட்டபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கவே முடியவில்லை. திங்கட்கிழமை வேண்டுமென்றே அவர் மேசைப் பக்கம் போனேன்.

"இன்னா மேடம், கூட்டம் எப்படி?"

"ஊத்திக்கிச்சு சார்" என்றார், முகத்தில் ஒரு வாட்டமும் இல்லாமல். "நான் கூப்ட்ட நேரத்துல தண்ணி லாரி வந்துகினு இருந்துச்சு. லாரிய வுட்டுட்டு எவ சார் கூட்டத்துக்கு வருவா? தப்பு எம்மேலதான்."

தன் தோல்வியை இவ்வளவு லேசாகச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் அவர் கூட்டத்தை மறுபடி நடத்தினார். மண்டபமும் இல்லை, பந்தலும் இல்லை. தண்ணீர் லாரி வந்து நிற்கும் இடத்துக்கே போய்விட்டார்.

லாரித் தண்ணீர் பிடிக்காதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லாரி ஆறு மணிக்கு வரும் என்றால் மூன்று மணியிலிருந்தே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். ஆட்கள் நிற்க மாட்டார்கள். குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டுவார்கள். குடம் நிற்கிறது என்றால் அந்த அம்மாள் நிற்கிறாள் என்று அர்த்தம். அடுத்தவர் குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். நகர்த்தினால் நடக்கும் சண்டை காவல்துறை வந்தாலும் தீராது. எல்லாம் ஒரே நீலம், ஒரே பச்சை என்பதால், மாறிப்போகாமல் இருக்கக் கழுத்திலோ அடியிலோ நெயில் பாலிஷால் ஒரு எழுத்தோ பூவோ போட்டு வைத்திருப்பார்கள்.

பிலோமினா கோலப்பொடியால் சாலையோரம் ஐந்து வட்டம் போட்டாராம். ஒவ்வொன்றிலும் ஒரு படம்: விளக்கு, குழாய், கழிப்பறைக் கதவு, இப்படி. "கூட்டத்துக்கு நீங்க நிக்க வேணாம். உங்க குடம் நின்னா போதும். வூட்டுக்கு ஒரு குடம். எந்த வேல ஓணுமோ அந்த வட்டத்துல வெச்சிட்டுப் போங்க. லாரி வர வரிக்கும் மன்சு மாறினா மாத்திக்கலாம். ஆனா அவங்கவங்க குடத்த அவங்கவங்கதான் தொடணும்" என்று சொல்லியிருக்கிறார்.

தண்ணீர் வரிசை கலைந்து அடிதடி ஆகும் என்று நான் எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று ஒவ்வொருத்திக்கும் மனப்பாடம். மூன்று மணி நேரம் அந்த வட்டங்களைச் சுற்றிப் பேச்சு, வாதம், கெஞ்சல், கிண்டல். லாரி சத்தம் கேட்டதும் பிலோமினா ஒவ்வொரு குடமாகத் திருப்பி, குறியைப் பார்த்து, யாருடையது என்று பெயரை எழுதிக்கொண்டார். வரி வசூலில் வாசல் வாசலாக நின்றவர் என்பதால் பாதிப் பேரை அவருக்கே தெரிந்திருந்தது. எழுபத்தோரு குடம் ஒரே வட்டத்தில். லாரி நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்ட் மேடை, சிந்தும் தண்ணீர் தாழ்வான வீடுகளுக்குள் போகாமல் பக்கத்துக் கால்வாயில் சேர ஒரு சிறு வடிகால்.

அலுவலகத்தில் இதைக் குடக் கச்சேரி என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்தது நான்தான்.

கிண்டல் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. என் நடைபாதை வேலைக்கு ஜேசிபி போன அன்று காலையில் பத்துப் பதினைந்து பெண்கள் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னா சார் இது? இங்க நடைபாதை போட்டா லாரி எங்க சார் திரும்பும்? ரிவர்ஸ்லயே எண்ணூர் வரிக்கும் போவுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அந்தக் காலி மனையில்தான் லாரி திரும்பும் என்று எனக்குத் தெரியாது. சாய்வு தெரியும், அளவு தெரியும், மண் என்ன மண் என்று தெரியும். இது தெரியாது. செயற்பொறியாளருக்குப் போன் போட்டேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நடைபாதை கேட்டது ஆரு வே? அவங்களை வரச் சொல்லும். பேசித் தீர்க்கட்டும்."

நாற்பது படிவத்திலும் போன் நம்பர் இருந்தது. வரிசையாக அழைத்தேன். எல்லாம் வீட்டில் போர்வெல் மோட்டார் வைத்த, லாரித் தண்ணீருக்கு நிற்காத இரண்டு தெருக்காரர்கள். ஒருவர் ஊரில் இல்லை, ஒருவருக்கு முட்டி வலி, ஒருவர் "நான் சமோசா நல்லாயிருந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டேன்" என்றார். ஒருவர்கூட வரவில்லை. ஜேசிபி வந்த வழியே போனது.

அந்த வாரம்தான் பிலோமினாவின் கோப்பு செயற்பொறியாளர் அறைக்குப் போனது. நான் வேறு வேலையாக உள்ளே நின்றிருந்தேன். 'கேட்டவர் பெயர்' கோட்டில் "இணைப்பு காண்க" என்று எழுதி, எழுபத்தோரு பெயர்களை நான்கு தாளில் இணைத்திருந்தார் பிலோமினா. பெயருக்கு எதிரே வீட்டு எண், அதற்கு எதிரே குடத்தின் குறி. 'ச', 'மு', 'ரோஜாப் பூ', 'இரண்டு புள்ளி'. செயற்பொறியாளர் வழக்கம்போல் பீரோ மேல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது தாளில் கோப்பைக் கையில் எடுத்தார். மூன்றாவது தாளில் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசிப் பெயர் வரை விரலை வைத்துப் படித்தார்.

நான் வைத்த இத்தனை கோப்புகளில் ஒன்றுக்காவது அந்த மனிதர் உட்கார்ந்ததுண்டா? எனக்கு வயிறு எரிந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, எரிந்தது.

"இந்த அம்மாவுக்கு மதிப்பீடு போட்டுக் கொடும் வே. மார்ச்சு முடியுறதுக்குள்ள வேலை தொடங்கணும், இல்லேன்னா நிதி திரும்பிப் போயிரும்" என்று கோப்பை என்னிடம் நீட்டினார்.

ஆக, அந்த எழுபத்தோரு பேரின் வேலை என் பேனாவில் வந்து நின்றது.

மறுநாள் காலையிலேயே இடத்துக்குப் போனேன். லெவல் பார்க்கும் கருவியை முக்காலியில் நிறுத்தி, அளவுகோலைக் கால்வாய்க்குள் பிடிக்கச் சொன்னேன். அன்று அமாவாசை. விரதம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். கால்வாயின் தண்ணீர் மட்டம் மேடை வரவேண்டிய இடத்தைவிட அரை அடி உயரத்தில் இருந்தது. சிந்தும் தண்ணீர் கால்வாய்க்குப் போகாது, கால்வாய்த் தண்ணீர்தான் இங்கே வரும். எனக்குப் பசியே தெரியவில்லை. அலுவலகம் வந்து, "தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கோப்பைத் திருப்பினேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கால்வாய் எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலோடு சேர்கிறது, அலை ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தண்ணீர் மட்டத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது, தரைமட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். ஏறும் தண்ணீரைத் தடுக்க வடிகால் வாயில் தானாக மூடிக்கொள்ளும் ஒரு இரும்புத் தகடு மாட்டினால் போதும் என்பதும் தெரியும். நான் தேடியது ஒரு குறையை, அது கிடைத்தவுடன் கருவியை மடக்கிவிட்டேன்.

வேறு யாராக இருந்தாலும் கோப்பைத் தூக்கிக்கொண்டு மேலே புகார் செய்திருப்பார்கள். நானும் அதற்குத் தயாராக இருந்தேன். பிலோமினா என் மேசைக்கு வந்து, "சார், நீங்க எழுதினத நான் அவுங்களாண்ட அப்டியே படிச்சுக் காட்டிட்டேன். புரில. நீங்களே வந்து ஒரு வாட்டி சொல்லிடுங்க. நீங்க சொன்னா ஒத்துப்பாங்க" என்றார். அதில் குத்தலே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போனேன். குட வரிசையின் பக்கத்தில் நின்று, மட்டம், உயரம், அரை அடி என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சகுந்தலா என்று ஒருத்தி, கால்வாய்க் கரையில் கடைசி வீடு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், நீங்க குச்சி வெச்சுப் பாத்தீங்களே, என்னிக்கு?"

நாளைச் சொன்னேன்.

"அன்னிக்கு அம்மாவாச சார். அம்மாவாசைக்கு காலைல பாத்தா தண்ணி மேல ஏறித்தான் கீது. மத்தியானத்துக்கு மேல வந்து பாரு, கால்வா தரையே தெரியும். எங்க வூட்டுக்காரரு காட்டுப்பள்ளில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி மீன் புடிச்சவரு. எங்களுக்குத் தெரியாதா சார்? உங்களுக்குத் தெரிலனா எங்களாண்ட கேட்டிருக்கலாமே."

யாரோ சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை. "சாருக்குத் தெரியும்மா. வேல ஜாஸ்தி, அவசரத்துல பாத்துட்டாரு. இன்னொரு வாட்டி பாத்து நல்லபடியா போட்டுத் தருவாரு" என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். காப்பாற்றிவிட்டார். அதை மன்னிக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. இரண்டே நாளில் தரைமட்டம் பார்த்து, தகடும் சேர்த்து மதிப்பீடு போட்டுக் கொடுத்தேன். மார்ச் முடிவதற்குள் வேலை தொடங்கியது. இன்றுவரை அந்த மேடை நிற்கிறது, மழைக் காலத்தில்கூட அந்தக் கடைசி வீட்டுக்குள் தண்ணீர் போவதில்லை. வேற்று ஊர்களிலிருந்து வந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். வரைபடத்தில் கையெழுத்து என்னுடையது என்பதால் என்னையும் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். நிவேதாவின் காதுக்குப் போன கதை இப்படி முளைத்ததுதான்.

அடுத்த வருடம் நானும் குடம் வைக்கச் சொன்னேன். எழுபத்தொன்று என்ன, என் வார்டில் இருநூறு நிற்க வைக்கிறேன் என்று மனதுக்குள் சவால். பள்ளிக்கூட மைதானத்தில் பெயிண்டரைக் கூப்பிட்டுப் பெரிய பெரிய வட்டங்களாக, கலர் கலராக எழுதச் சொன்னேன்.

அறுபத்திரண்டு குடங்கள் வந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன், அடியில் ஓட்டை. இன்னொன்று கழுத்து பிளந்தது. இன்னொன்றில் காய்ந்த சிமெண்ட். மாவு கரைத்தது, செடி வைத்தது, காலுடைந்த நாற்காலிக்கு முட்டுக் கொடுத்தது. ஒன்றிலும் குறி இல்லை.

"ஏம்மா, என்னைக் கேலி பண்றீங்களா?" என்று அங்கே நின்ற ஒருத்தியிடம் சத்தம் போட்டேன்.

"கோச்சுக்காத சார். லாரி அங்க வருது, நீ வட்டத்த இங்க போட்டுகினு குந்தினுகீற. நல்ல குடத்த இங்க வெச்சுட்டா அங்க எத்த வெச்சுத் தண்ணி புடிக்கறது? அதான் வூட்ல சொம்மா கெடந்தத அனுப்பிக்கீறோம்."

குடத்தைக் காப்பியடித்தவன் லாரியை மறந்துவிட்டேன். முகத்தில் ஈயாடாமல் வட்டம் வட்டமாக எண்ணிக்கொண்டு வந்தேன். பெரும்பாலானவை மழைநீர்க் கால்வாய் வட்டத்தில். கடைசி வட்டம் விளக்குக்கு. ஒரு குறுகலான சந்துக்குத் தெருவிளக்கு. அதில் ஒரே ஒரு குடம். நீலக் குடம், புதுசு. திருப்பினேன், ஓட்டை இல்லை. கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் 'பி' என்று இருந்தது.

"இது யாரோடது?"

"நம்ப பில் கலெக்டர் அம்மாது சார். பிலோமினாம்மா."

"அவங்க பெரம்பூர்ல இல்ல?"

"பெரம்பூரா? இதோ, இந்த சந்துலதான் சார் பதினெட்டு வருசமா கீறாங்க."

என் கூட்டத்துக்கு வந்த ஒரே நல்ல குடம் அவருடையது. அன்று அவர் வீட்டில் லாரித் தண்ணீரை எதில் பிடித்தார்கள் என்று யோசித்தேன். உடனே அலுவலகம் போய், பழைய மனுக்கள் கட்டைப் பிரித்தேன். மூன்று இருந்தன. ஒரே கையெழுத்து. சந்தில் விளக்கு இல்லை, மாலையில் வேலை முடிந்து வரும் பெண்கள் பயந்து நடக்கிறார்கள், கையெழுத்து பிலோமினா. இதே அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறேன் என்று ஒரு மனுவிலும் எழுதவில்லை. மூன்றின் ஓரத்திலும் என் குறிப்பு இருந்தது: பொதுமக்கள் கோரிக்கை. நிதி வரும்போது பரிசீலிக்கலாம்.

நான் அந்தப் பெயரைப் படித்ததே இல்லை.

மறுநாள் காலை அவர் மேசைக்குப் போனேன். "மேடம், மின் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிட்டேன். உங்க சந்துல நாளைக்கே விளக்கு போட்டுடலாம்" என்றேன். அவர் சந்தோஷப்படுவார், நன்றி சொல்வார், ஒரு நாளாவது நான் கொடுக்கிறவனாகவும் அவர் வாங்குகிறவராகவும் இருப்போம் என்று நினைத்தேன்.

"வேணாம் சார்" என்றார்.

"ஏன்?"

"ஒரு குடம்தான சார் வுழுந்துச்சு. எல்லாரும் கால்வா கேட்டாங்க. தோத்துடுச்சு. இப்ப ஆபீஸ்காரி வூட்டு சந்துன்னு லைட்டு எரிஞ்சா, அடுத்த வாட்டி எவ சார் குடத்த எடுத்துகினு வருவா?"

"எல்லாம் ஓட்டைக் குடம் மேடம்."

"ஓட்டையா இருந்தாலும் அவுங்க குடம் சார்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "நான் மனு குடுத்தப்ப போட்டிருந்தா வாங்கிகினு இருப்பேன். இப்ப வேணாம்."

அந்தச் சீட்டை நானே கிழித்தேன். தோற்ற பிறகும் அவர் கை மேலேதான் இருந்தது.

என் கடைசி வருடக் கூட்டத்தை லாரி நிற்கும் இடத்திலேயே நடத்தினேன். பெயிண்டர் இல்லை, கோலப்பொடிதான், அதையும் அந்தத் தெருப் பெண்களே போட்டார்கள். இந்த முறை நல்ல குடங்கள் வந்தன, எழுத்தும் பூவும் புள்ளியுமாக. பிலோமினா அதற்குச் சில மாதம் முன்பே ஓய்வு பெற்றிருந்தார். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மற்றவர்களைப் போல வந்தார், நீலக் குடத்தை விளக்கு வட்டத்தில் வைத்தார், எனக்கு ஒரு வணக்கம் வைத்தார், போய்விட்டார். நான் வேறு எதையும் பார்க்கவில்லை, அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் இன்னும் மூன்று குடங்கள் சேர்ந்தன. மொத்தம் நான்கு. கழிப்பறைக் கதவு ஜெயித்தது. லாரி வந்ததும் அவர் தன் முறைக்குத் தண்ணீர் பிடித்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தில் அந்தச் சந்துக்குள் நடந்து போனார். இப்படித் தோற்க எனக்கு வராது. வராது என்று தெரிந்ததால்தான் பொறாமை.

கழிப்பறைக் கதவுக் கோப்பில் முதல் முறையாக எல்லாப் பெயரையும் எழுதினேன். செயற்பொறியாளர் நின்றுகொண்டேதான் படித்தார். ஆனால் எதையும் சுழிக்கவில்லை. "வே, இப்பதான் வேலை கத்துக்கிட்டீரு, ரிட்டையர்டு ஆகப் போறீரு" என்றார்.

இவ்வளவையும் எழுதி முடித்து, யாருக்கு அனுப்புவது என்று கேட்க நேற்று நிவேதாவுக்குப் போன் செய்தேன்.

"தேங்க்ஸ் சார். ஒரு நல்ல சேதி சார், இந்த வருசம் அந்த சந்து லைட்டு ஜெயிச்சிருச்சு. முப்பத்தாறு குடம். கோப்பு நாளைக்கு மேல போகுது."

எழுந்து நின்றுவிட்டேன். "முதல் தாள்ல முத்திரை குத்தியிருக்கா?"

"கேட்டவர் பெயர்தானே சார்? இருக்கு. ஃபில் பண்ணிட்டேன்."

"என்னன்னு?"

"பொதுமக்கள்னு சார்."

"அடிச்சிடும்மா."

"சார்?"

"அதை அடிச்சிட்டு முப்பத்தாறு பேரையும் எழுதும்மா. குடத்துல குறி இருக்கும், போய்ப் பார்த்து எழுது. முதல் பேரு பிலோமினா. அந்தக் குடத்துல 'பி'ன்னு இருக்கும்."

நிவேதா எழுதிக்கொள்வது கேட்டது. பிறகு, "யாரு சார் அவங்க? ஏன் முதல்ல?" என்றாள்.

என்னைத் தோற்கடித்தவர் என்று சொல்லலாம். குடம் வைக்கும் முறையைக் கொண்டுவந்தவர் என்றும் சொல்லலாம், அதைத்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டுக்கு அதெல்லாம் தேவையில்லை.

"கேட்டவங்கம்மா" என்றேன்.